தட்டில் மீந்து வந்ததைப் பாருங்கள்: டயட்டெடிக்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவருக்கு ஒரு பதில்

பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன், உயிரியலில் நல்ல மதிப்பெண், வேதியியலில் சுமார்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேட்மென்ட்டில் (விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதித் தரும் கட்டுரை) என்ன எழுதுவது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், வேதியியலைக் காட்டித் தள்ளிவிடுவார்களா என்பது உங்கள் கேள்வி. நான் மருத்துவமனையில் டயட்டீஷியன். இடையில் சில ஆண்டுகள் மாணவர் தேர்வுக்குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் தவறினால் மற்ற மூன்றும் சரியாக வந்தும் பிரயோஜனம் இல்லை.

நீங்கள் விண்ணப்பிக்கும் பட்டம் உங்களை டயட்டீஷியன் ஆக்குமா?

'ஹியூமன் நியூட்ரிஷன்', 'ஃபுட் அண்ட் நியூட்ரிஷன்', 'நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ்' என்று கையேட்டில் அடுத்தடுத்த வரிகளில் அண்ணன் தம்பி போல நிற்கும். முதலாண்டுப் பாடங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு படிப்பு முடிந்த பிறகுதான் உறைக்கும். டயட்டீஷியன் என்பவர் நோயாளியைத் தனியாகப் பார்த்து, அவருடைய ரத்த அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் வைத்துக்கொண்டு உணவுச் சிகிச்சை எழுதுகிறவர். சிறுநீரகம் செயலிழந்தவர், குழாய் வழியே உணவு போகிறவர், புற்றுநோய் சிகிச்சையில் எடை கரைகிறவர் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். நியூட்ரிஷனிஸ்ட்டின் களம் பொதுவாக மக்கள் நலத் திட்டம், உணவுத் தொழில், ஆராய்ச்சி, விளையாட்டு. எது உயர்ந்தது என்ற பேச்சே இல்லை, வேலை வேறு. ஆனால் முதல் வேலையை ஆசைப்பட்டு இரண்டாவது படிப்பில் சேர்ந்துவிட்டால் கஷ்டம்.

இந்த எல்லைக் கோட்டை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் போட்டிருக்கிறது. பிரிட்டனில் 'டயட்டீஷியன்' சட்டப் பாதுகாப்புள்ள பெயர், ஹெச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாமல் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று அங்கே யாரும் போர்டு மாட்டலாம். ஆஸ்திரேலியாவில் அரசுப் பதிவு கிடையாது. தொழில் சங்கம் தரும் 'அக்ரெடிட்டட் பிராக்டிசிங் டயட்டீஷியன்' என்ற சான்றைத்தான் வேலை கொடுக்கிறவர்கள் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் பதிவுத் தேர்வுக்கு உட்காரவே முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலையோடு முடித்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு அங்கே இனி செல்லாது. இந்தியாவில் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் டயட்டீஷியன்களையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. உலக டயட்டெடிக் சங்கங்களின் கூட்டமைப்பு குறைந்தபட்சமாக வைத்திருக்கும் அளவு, ஓர் இளங்கலைப் பட்டமும் மேற்பார்வையில் 500 மணி நேரப் பயிற்சியும். பிரிட்டனும் அமெரிக்காவும் கேட்பது அதைப்போல இரண்டு மடங்கு, சுமார் 1,000 மணி நேரம்.

அதனால் விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தப் பட்டத்துக்கு எந்தத் தொழில் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது, அது எந்த ஆண்டு வரை, முடித்தவர் நேரடியாகப் பதிவு செய்யலாமா, மருத்துவமனைப் பயிற்சியைப் பல்கலைக்கழகமே ஏற்பாடு செய்யுமா அல்லது மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா. இவ்வளவுதான். தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எங்கள் துறைக்கு வேலை கேட்டு ஒரு பெண் வந்தாள். வகுப்பில் முதலிடம், பதக்கம் எல்லாம் இருந்தது. சான்றிதழைப் புரட்டிவிட்டு, "பதிவு எண் எங்கேம்மா?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடம் அவளுக்குப் பாடம் எடுத்த இடத்தில் ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, வேதியியலுக்கு வருவோம்.

குறைந்தபட்ச மதிப்பெண் என்று படிப்பின் பக்கத்தில் ஒன்று போட்டிருந்தால் அது வாசற்படி. அதற்குக் கீழே இருந்தால் எவ்வளவு நல்ல கட்டுரையும் உங்களைக் காப்பாற்றாது, வேறு பல்கலைக்கழகம் பாருங்கள். அதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால், சுமாரான மதிப்பெண்ணுக்காக உங்களை யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள். குழு யோசிப்பதெல்லாம் இரண்டாம் ஆண்டு பயோகெமிஸ்ட்ரியை இவர் தாண்டுவாரா என்பதுதான். இந்தப் படிப்பை விட்டுப் போகிறவர்களில் நான் பார்த்த பலர், சமையலும் ஆரோக்கியமும் படிக்கப் போகிறோம் என்று நினைத்து வந்து, கிரெப்ஸ் சுழற்சியில், அதாவது செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேதிவினைத் தொடரில், மாட்டிக்கொண்டவர்கள்.

வேதியியல் எதற்கு என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்து நாளாகக் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாத ஒருவரைச் சேர்க்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறார். குடும்பத்தார் பாத்திரம் நிறைய சாப்பாட்டோடு நிற்கிறார்கள். அவருக்கு வயிறு நிறையக் கொடுத்தால் என்ன ஆகும்? மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சட்டென்று ஏறும். அது குளுக்கோஸோடு சேர்த்துப் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். பட்டினியில் இவற்றின் இருப்பு ஏற்கெனவே காலி. ரத்தத்தில் பாஸ்பேட் தடாலென்று விழும். இதயத் துடிப்பு தடம் புரளும், மூச்சுத் தசை தளரும், சிலர் இறந்தே போவார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். ரீஃபீடிங் சின்ட்ரோம் என்று பெயர். பிரிட்டிஷ் வழிகாட்டு நெறிப்படி இப்படி அதிக ஆபத்தில் இருப்பவருக்குத் தொடக்கம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 10 கிலோ கலோரி. 40 கிலோ எடையுள்ளவருக்கு 400. ஊட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னாலேயே தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க ஆரம்பித்து, ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சில நாட்களில் மெதுவாக ஏற்ற வேண்டும்.

இப்போது அந்த மகன் உங்களிடம் சண்டைக்கு வருகிறார்: "பட்டினி கிடந்து வந்த மனுஷனுக்கு இவ்வளவுதான் கொடுப்பீங்களா?" அந்த நிமிடத்தில் பாஸ்பேட் என்ற சொல்லே வராமல், இரண்டு வாக்கியத்தில், அவருக்குக் கோபம் தணியும்படி சொல்ல வேண்டும். எங்கள் தொழில் மொத்தமும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. உள்ளே வேதியியல் திடமாக இருக்க வேண்டும், வெளியே அது தெரியக்கூடாது. ஸ்டேட்மென்ட்டிலும் நேர்முகத்திலும் குழு தேடுவது இந்த இரண்டுக்குமான அறிகுறியைத்தான்.

உங்கள் வேதியியல் சுமார் என்பதால் சொல்கிறேன், மோல், செறிவு இரண்டையும் விடுமுறையில் சரி செய்துவிடுங்கள். பல நாடுகளில் ரத்த அறிக்கை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றுதான் வரும். கரிம வேதியியலில் ஆல்கஹால், அமில, அமீன் தொகுதிகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் கொழுப்பும் புரதமும் பயமுறுத்தாது. கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான். ஆனால் அதில் தடுமாறக்கூடாது. ஒரு மில்லியில் ஒரு கிலோ கலோரி இருக்கும் திரவ உணவு, நோயாளிக்கு நாளைக்கு 1,800 கிலோ கலோரி வேண்டும், 20 மணி நேரம் பம்ப்பில் ஓடும், மணிக்கு எத்தனை மில்லி? 90. தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனால் வார்டில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்மென்ட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான்.

ஒரு காலையில் முப்பது ஸ்டேட்மென்ட் படித்தால் பாதிக்கு மேல் "சிறு வயது முதலே ஆரோக்கியமான உணவில் எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கும். மீதியில் சில, "உணவே மருந்தாகட்டும்" என்று ஹிப்போக்ரடீஸைத் துணைக்கு அழைக்கும். அவர் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் நூல்தொகுப்பில் அந்த வாக்கியமே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. மூலத்தைச் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டுகிறவர் என்று குழுவில் யாராவது மனதுக்குள் குறித்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் அது சின்னக் குறை இல்லை. ஆதாரம் இல்லாத உணவுப் பேச்சை நாள் முழுக்க எதிர்கொள்வதே எங்கள் பிழைப்பு. அதே காரணத்துக்காக உடலின் நச்சை வெளியேற்றுவதாகச் சொல்லும் 'டீடாக்ஸ்' என்ற சொல்லைத் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

என்ன எழுதலாம்? எனக்கு மறக்காத ஒரு பத்தி உண்டு. எழுதியவள் முதியோர் இல்லம் ஒன்றில் வாரம் இரண்டு மாலை தட்டு எடுக்கும் வேலைக்குப் போனவள். நினைவிலிருந்து என் வார்த்தைகளில் தருகிறேன்:

"சாப்பாடு கொண்டுபோய் வைப்பது மற்றவர்கள் வேலை. தட்டைத் திரும்ப எடுப்பது என் வேலை. ஒருவருடைய தட்டில் மட்டும் சத்து பானத்தின் சின்ன டப்பா நான் போகிற நாளெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. குறிப்பேட்டில் 'மறுத்துவிட்டார்' என்று எழுதியிருந்தது. ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டப்பாவைக் கையில் எடுத்தார், மூடியின் ஃபாயிலை இரண்டு முறை நிமிண்டிப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். மூட்டு வீங்கிய விரல்கள். பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு மூடியைத் திறந்து கொடுத்தேன். முழுவதும் குடித்தார்."

அவ்வளவுதான் அந்தப் பத்தி. 'ஆர்வம்' என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தப் பெண் பார்க்கத் தெரிந்தவள், 'மறுத்துவிட்டார்' என்ற சொல்லை நம்பாமல் சரிபார்க்கிறவள், தானாக எதையும் செய்துவிடாமல் பொறுப்பாளரைக் கேட்கிறவள் என்று மூன்று விஷயம் அதில் தெரிந்துவிட்டது. மருத்துவமனையில் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு இப்படி ஒரு திறக்காத மூடியும், கைக்கெட்டாத தூரத்தில் வைத்த தட்டும், பொருந்தாத பல்செட்டும் காரணமாவதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அடுத்த பத்தியில் அவள், இதைப் பார்த்த பிறகு ஊட்டச்சத்துக் குறைபாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தேடிப் படித்ததைச் சொல்லியிருந்தாள். கண்ணால் கண்டது, அதிலிருந்து ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்காகப் படித்தது. இந்த வரிசை வந்துவிட்டால் கட்டுரை தானாக நிற்கும்.

இன்னொன்றையும் அவள் சரியாகச் செய்திருந்தாள்: பெயர் இல்லை, அறை எண் இல்லை, நோய் விவரம் இல்லை. அதே ஆண்டு வேறொருவர் தான் பார்த்த நோயாளியின் பெயரையே போட்டு உருக்கமாக எழுதியிருந்தார். நல்ல எழுத்துதான். ஆனால் நோயாளியின் ரகசியத்தைக் காக்கத் தெரியாது என்பதை அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

சில இடங்களில் கேள்விகளையே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனின் பொது விண்ணப்ப முறையில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள். உங்கள் பல்கலைக்கழகம் வேறு முறையில் கேட்டாலும் இந்த மூன்றையும் வைத்து வரைவு எழுதிப் பாருங்கள், எது காலியாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்றாவதுதான் காலியாக இருக்கும்.

காலியாக இருந்தால் நிரப்ப இன்னும் நேரம் இருக்கிறது. டயட்டீஷியன் கூடவே ஒரு வாரம் நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ரகசியக் காப்பு காரணமாகப் பள்ளி மாணவர்களை வார்டுக்குள் விடப் பலரும் தயங்குவார்கள். அதற்காக மனம் விட வேண்டாம், குழுவுக்கும் அது தெரியும். முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், பள்ளிச் சமையலறை, இலவச உணவு வழங்கும் இடம், மாற்றுத்திறனாளிகளுக்கான மையம், வீட்டில் நாட்பட்ட நோயோடு இருக்கும் ஒருவருக்குச் சமைப்பது, எல்லாமே பொருட்படுத்தத் தக்கவை. ஒரு டயட்டீஷியனிடம் அரை மணி நேரம் பேசக் கேட்டுப் பாருங்கள். "உங்களுக்கு இந்த வேலையில் எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதில் பத்து இணையப் பக்கத்தை விடப் பயன்படும்.

ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் சிலர் சாப்பாட்டோடு தாங்களே போராடியவர்கள். அளவுக்கு மீறி எடை குறைத்தவர்கள், உண்ணுதல் கோளாறிலிருந்து மீண்டவர்கள், இன்னும் மீளாதவர்கள். அதை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுவது குற்றம் இல்லை, மறைப்பதும் குற்றம் இல்லை. எழுதினால் ஒரு வரி போதும், மீதி இடத்தை மற்ற மனிதர்களிடம் நீங்கள் கண்டதற்குக் கொடுங்கள். "நான் இப்படிக் குறைத்தேன், எல்லோரையும் குறைக்க வைப்பேன்" என்ற தொனி வந்தால் குழு பின்வாங்கும், ஏனென்றால் உங்களிடம் வரப்போகிறவர்களில் எடை கூட வேண்டியவர்களும் நிறைய இருப்பார்கள். இன்னும் போராட்டம் ஓயவில்லை என்றால், நான்கு வருடம் தினமும் கலோரியையும் எடையையும் பற்றியே பேசும் படிப்பு அதைக் கிளறிவிடக்கூடும். முதலில் சிகிச்சை, பிறகு விண்ணப்பம். ஒரு வருடம் தள்ளிப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

'மருத்துவம் கிடைக்கவில்லை, அதனால் இது' என்று வருகிறவர்களும் உண்டு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டேட்மென்ட்டில் டயட்டெடிக்ஸ் என்று வரவேண்டிய இடத்தில் 'மருத்துவத் துறை' என்று பொதுவாக எழுதி வைத்திருந்தால் அது மருத்துவ விண்ணப்பத்தில் பெயர் மாற்றியது என்று மூன்றாவது வரியிலேயே தெரியும்.

நேர்முகம். சில பல்கலைக்கழகங்களில் ஒரே மேசை, இரண்டு பேர், இருபது நிமிடம். சில இடங்களில் சின்னச் சின்ன நிலையங்களாக வைத்து, மணி அடித்ததும் அடுத்த அறைக்குப் போகச் சொல்வார்கள். ஒன்றில் கணக்கு, ஒன்றில் நெறிமுறைக் கேள்வி, ஒன்றில் நடிப்பவர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். விண்ணப்பிக்கிறவர்களின் தரம் பிரிவது அந்தக் கடைசி அறையில்தான். இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதாக இப்போதுதான் தெரிந்த ஒருவர். முன்னால் போனவர் உட்கார்ந்ததும் எதையெல்லாம் தொடக்கூடாது என்று பன்னிரண்டு உணவின் பெயரை ஒப்பித்துவிட்டு வந்தார். எல்லாம் சரியான தகவல்தான். அடுத்து வந்தவரிடம் நோயாளியாக நடித்தவரே முதலில் பேச்சைத் தொடங்கினார்:

"இனிமே எல்லாத்தையும் நிறுத்தணும், அதானே சொல்லப் போறீங்க?"

"நிறுத்தறதப் பத்தி அப்புறம் பேசலாம். நேத்து எழுந்ததுல இருந்து என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்களேன்."

"நேத்தா? நைட் ஷிஃப்ட். காலைலதான் வந்து படுத்தேன்."

"அப்போ மொத சாப்பாடு எப்போ?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல. ராத்திரி பூரா மெஷின் காபிதான். நாலஞ்சு."

"அதுல சர்க்கரை?"

"கலந்தேதான் வரும். எடுக்க முடியாது."

அந்தப் பன்னிரண்டு உணவுப் பட்டியலில் இந்தக் காபி இல்லை. கேட்காமல் தெரியவும் வராது. நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்று கேட்பதற்கு இருபத்துநாலு மணி நேர நினைவுகூரல் என்று பாடத்தில் பெயர் இருக்கிறது, அது அந்தப் பையனுக்குத் தெரியாது. ஆனால் கேட்கத் தோன்றியது. நாங்கள் மதிப்பெண் போட்டது அதற்கு. நேர்முகத்தில் உங்களிடம் யாரும் மருத்துவ அறிவை எதிர்பார்ப்பதில்லை, அதைக் கற்றுக்கொடுக்கத்தானே படிப்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்; சமாளித்துப் பேசுகிறவரைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம்.

சின்னக் கணக்கு ஒன்று கொடுக்கலாம். 58 கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் முயற்சி எதுவும் இல்லாமல் 54 கிலோ ஆனார், எத்தனை சதவீதம்? நான்கை ஐம்பத்தெட்டால் வகுத்தால் ஏறக்குறைய 7. ஊட்டச்சத்துக் குறைபாட்டு ஆபத்தைக் கண்டறிய மருத்துவமனைகளில் புழங்கும் 'மஸ்ட்' என்ற சோதனைக் கருவியில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 5 முதல் 10 சதவீதம் இழந்தால் ஒரு புள்ளி, 10-க்கு மேல் போனால் இரண்டு. 54-ஆல் வகுத்துவிட்டுத் தப்பான விடையோடு வருகிறவர்கள் அதிகம். பழைய எடையால்தான் வகுக்க வேண்டும்.

'சரியான உணவு எது என்று தெரிந்தும் மக்கள் ஏன் மாறுவதில்லை?' என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் கட்டாயம் வரும். சோம்பல், விழிப்புணர்வு இல்லை என்று பதில் சொன்னால் அங்கேயே பேச்சு நின்றுவிடும். எனக்குப் பிடித்த பதிலை ஒரு மாணவி சொன்னாள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்த பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சில நாளில் எழுந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் கொடுக்க முடிவெடுத்தது 1795-ல். நடுவே நாற்பத்தெட்டு வருடம். லிண்ட் தன் புத்தகத்தில் முடிவை அழுத்திச் சொல்லவில்லை, கப்பலில் கெடாமல் இருக்கச் சாற்றைச் சூடாக்கி வற்ற வைக்கச் சொன்னார், அதில் சத்தே போய்விட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள், "ஒரு அரசாங்கத்துக்கே இவ்வளவு நாள் ஆச்சு. நைட் ஷிஃப்ட் பாக்கற ஒருத்தர் ஒரு வாரத்துல மாறலன்னா நான் எப்படிச் சோம்பல்னு சொல்றது?" என்றாள். அவளை எடுத்துக்கொண்டோம். நீங்கள் அதையே போய்ச் சொல்லாதீர்கள், உங்களுக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் பெரிய மனிதரிடம் வாங்க வேண்டியதில்லை. உங்களை ஆய்வகத்தில் பார்த்த அறிவியல் ஆசிரியர், அல்லது அந்த முதியோர் இல்லப் பொறுப்பாளர் போன்ற ஒருவர் எழுதினால் போதும்.

சான்றிதழ், காவல்துறைச் சரிபார்ப்பு, தடுப்பூசி விவரம் எல்லாம் கேட்பார்கள், நோயாளிகள் இருக்கும் இடத்துக்குப் போகப் போகிறீர்கள் என்பதால். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இப்போதே வீட்டில் கேட்டு வையுங்கள். வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசி முடிய ஆறு மாதம் ஆகும். இடம் கிடைத்தும் ஊசி முடியாததால் முதல் பயிற்சிக்குப் போக முடியாமல் நின்றவர்கள் உண்டு.

பயிற்சிக் காலத்தைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, இடம் தூரமாக விழலாம், பல வாரம் வேறு ஊரில் தங்க வேண்டி வரலாம், பகுதி நேர வேலை செய்து படிக்கிறவர்கள் அந்த வாரங்களில் அந்த வேலையை விட வேண்டியிருக்கும். படிப்புக் கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு மூன்றாம் ஆண்டில் திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடம் கிடைக்காவிட்டால்? எனக்கே முதல் தடவை கிடைக்கவில்லை. என் ஸ்டேட்மென்ட்டில் அந்தத் 'தீராத ஆர்வம்' இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடலாம். ஒரு வருடம் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தட்டு அடுக்கினேன்; குறைந்த உப்பு, குறைந்த பொட்டாசியம், மசித்தது என்று சீட்டைப் பார்த்துத் தட்டு பிரிக்கிற வேலை. சிறுநீரக நோயாளிக்கு உருளைக்கிழங்கை ஏன் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, தண்ணீரைக் கொட்டுகிறார்கள் என்று அங்கே சமையல்காரரிடம்தான் முதலில் கேட்டேன். "பொட்டாசியம் தண்ணியோட போயிடும்" என்றார் அவர். அடுத்த விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதினேன்.

காத்திருக்க முடியாது என்றால் பல நாடுகளில் இன்னொரு வழி இருக்கிறது: நியூட்ரிஷன், பயோகெமிஸ்ட்ரி, உடலியங்கியல் போன்ற ஓர் அறிவியல் பட்டத்தை முடித்துவிட்டு, இரண்டாண்டு முதுகலையாக டயட்டெடிக்ஸில் சேர்வது. அதற்கு இளங்கலையில் பயோகெமிஸ்ட்ரியும் உடலியங்கியலும் போதிய அளவுக்கு இருந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள், பாட வாரியாகச் சரிபார்ப்பார்கள். எனவே எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே பாடத்திட்டக் கையேட்டின் ஒரு பிரதியை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்கும்போது பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியிருக்கும், பழையது யாரிடமும் இருக்காது.